பேயா, பேதியா, பாஷாணமா?

1912 நவம்பரில் ஒரு குடும்பம் பழைய, பெரிய வீடொன்றுக்குக் குடிபோனது. கொஞ்ச நாளிலேயே எல்லாருக்கும் தலைவலி, அசதி. பிள்ளைகள் வெளிறிப்போனார்கள். தொட்டிச் செடிகள் வாடின. பிறகு சத்தங்கள் ஆரம்பித்தன. ஆளில்லாத மாடியில் காலடி ஓசை, இரவில் மணி அடிக்கும் ஓசை. ஒருநாள் காலையில் அந்த வீட்டுப் பெண்மணி சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது, எதிர்க்கோடியிலிருந்து கறுப்பு உடையில் யாரோ ஒருத்தி தன்னை நோக்கி வருவதைப் பார்த்தார். தயங்காமல் நடந்தார். கிட்டே போனதும் அவளைக் காணோம். அங்கே இருந்தது ஒரு கண்ணாடி. அதில் வெளிர்நிற மேலாடையில் அவருடைய உருவமே தெரிந்தது.

வீட்டை விட்டு ஓடியிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் உறவினர் ஒருவருக்கு, எப்போதோ படித்த ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. வீட்டைச் சூடாக்கும் உலையைப் பார்க்கச் சொன்னார். உலை பழுது. புகைபோக்கி வழியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அறைகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது. உலையைச் சரிசெய்தார்கள், பேய் போய்விட்டது. வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் 1921-இல் இதை ஒரு அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் பதிவு செய்தார்.

இந்தக் கதையில் கொலையாளி கிடையாது. ஆனாலும் நஞ்சுக் கொலைகளைத் துப்பறியும் திகில் கதைகள் எதனால் நம்மைப் பிடித்து உலுக்குகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. கத்திக்குத்து பட்ட உடலைப் பார்த்ததும் நடந்தது கொலை என்று தெரிந்துவிடும். மிச்சக் கேள்வி, யார் குத்தியது என்பது மட்டும்தான். நஞ்சில் அப்படி இல்லை. ஒருவர் படுக்கிறார், வாந்தி எடுக்கிறார், செத்துப்போகிறார். துப்பறிய வருபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே ‘இது கொலைதானா?’ என்பது. அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் ‘யார்’ என்ற கேள்விக்கே போக முடியும்.

கொடுத்த கைக்கும் விழுந்த பிணத்துக்கும் நடுவே சில மணி நேரம் இருக்கும், சில சமயம் சில வாரங்கள். சாவு வரும்போது கொன்றவர் வேறு ஊரில்கூட இருக்கலாம். அந்த இடைவெளியில்தான் பேயும் சாபமும் கொள்ளைநோயும் விதியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. திகிலும் துப்பறிதலும் சண்டை போடுவது இந்த இடத்துக்காகத்தான்.

இரண்டும் ஒரே கோப்பில் கிடந்த காலமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸில், பதினான்காம் லூயியின் காவல்துறைத் தலைவராக இருந்தவர் லா ரேனி. 1670-களின் கடைசியில் குறி சொல்பவர்கள், வசிய மருந்து விற்பவர்கள் என்று சிலரைப் பிடித்து விசாரித்தால், இழுக்க இழுக்கச் சங்கிலி நீண்டுகொண்டே போனது. கணவனை ஒழிக்கப் பொடி, சொத்து சீக்கிரம் வர ஒரு பொடி, அதற்கு முன்னால் நள்ளிரவில் ஒரு சாத்தான் பூசை. மந்திரமும் பாஷாணமும் ஒரே கடையில், ஒரே ஆளிடம், ஒரே விலைப்பேச்சில் கிடைத்தன. இதற்கென்றே 1679-இல் தனி விசாரணை மன்றம் அமைத்தார்கள். லா வுவாசான் என்று அழைக்கப்பட்ட குறிசொல்லியை 1680-இல் உயிரோடு எரித்தார்கள். விசாரணை அரசரின் ஆசைநாயகி வரைக்கும் போனதும் அரசர் மன்றத்தையே மூடிவிட்டார். 1709-இல் லா ரேனி இறந்த பிறகு ரகசியக் காகிதங்களை எரிக்கவும் செய்தார். ஆனால் லா ரேனி தன் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள் தப்பிவிட்டன. துப்பறிவாளர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த தகவல் 1682-இல் வந்த அரசாணை. நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்திய அதே ஆணைதான் மந்திரவாதிகளையும் குறிசொல்லிகளையும் தண்டித்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைக்கு யாரிடமும் கருவி இல்லை.

அந்தக் கருவி வர இன்னும் நூற்றைம்பது வருடம் ஆனது. அதுவரைக்கும் பாஷாணம், அதாவது ஆர்சனிக்தான் ராஜா. வெள்ளை ஆர்சனிக் பார்க்க மாவு மாதிரி இருக்கும், பெரிதாக மணமோ ருசியோ கிடையாது, எலி மருந்து என்று கேட்டால் கடையில் கொடுத்துவிடுவார்கள். சாப்பிட்டவருக்கு வருவதோ வாந்தியும் பேதியும். காலரா ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன 1830-களில் எந்த மருத்துவர் இதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்? பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் ‘வாரிசுப் பொடி’.

லண்டனை ஒட்டிய வுலிச் ஆயுதச்சாலையில் வேலை பார்த்த வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷிடம் அந்தச் சமயத்தில் ஒரு வழக்கு வந்தது. தாத்தாவின் காபியில் பேரன் பாஷாணம் கலந்தான் என்று குற்றச்சாட்டு. மார்ஷ் அன்றைய முறைப்படி சோதித்தார், ஆர்சனிக்குக்கான மஞ்சள் படிவு கிடைத்தது. அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டுவதற்குள் படிவு கெட்டுப்போயிருந்தது. ஜூரிகள் பார்த்தார்கள், எதுவும் விளங்கவில்லை, பேரனை விடுவித்துவிட்டார்கள். வேறொரு குற்றத்தில் மாட்டிய பிறகு, தாத்தாவைக் கொன்றது தான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டான்.

மார்ஷுக்கு ஆறவில்லை. 1836-இல் அவர் வெளியிட்ட சோதனை முழுக்க முழுக்க அந்த ஜூரிகளுக்காகவே யோசித்தது போல இருக்கிறது. சந்தேகப் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாகக் கிளம்பும். அந்த வாயுவை எரித்து, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் வெள்ளியும் கறுப்புமாக ஒரு பளபளப்பு ஒட்டிக்கொள்ளும். ஆர்சனிக் கண்ணாடி என்று அதற்குப் பெயர். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலும் போதும். மறையாது, வெளுக்காது. வேதியியல் தெரியாத பன்னிரண்டு பேருக்குக் கையில் கொடுத்துக் காட்டலாம்.

நான்கே வருடத்தில் இந்தக் கண்ணாடி பிரான்ஸையே இரண்டாகப் பிரித்தது. சார்ல் லாஃபார்ஜ் 1840 ஜனவரியில் இறந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்து பானம் கலந்து கொடுத்தவர் இளம் மனைவி மரி. பானத்தில் அவர் வெள்ளைப் பொடி எதையோ கலக்கியதை வீட்டிலிருந்த ஒரு பெண் பார்த்திருந்தார். எலித்தொல்லை என்று ஆர்சனிக் வாங்கியதற்கும் சாட்சி இருந்தது. துல் நகர நீதிமன்றத்தில் உள்ளூர் வேதியியலாளர்கள் மாறி மாறிச் சோதித்தார்கள். உணவில் பாஷாணம் இருக்கிறது, உடலில் இல்லை என்றார்கள். பிணத்தைத் தோண்டியெடுத்து நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே கொதிக்கவைத்தார்கள். நாற்றம் தாங்காமல் பார்வையாளர்கள் மூக்கில் மருந்துக் குப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் மட்டும் குறையவில்லை.

கடைசியில் பாரிஸிலிருந்து ஓர்ஃபிலா வந்தார். நஞ்சுகளைப் பற்றிய பெரும் நூலை 1814-இலேயே வெளியிடத் தொடங்கியவர், நச்சியலின் தந்தை என்று பெயர் பெற்றவர். ராத்திரி பூராவும் காவலுக்கு நடுவே வேலை செய்துவிட்டு, உடலில் ஆர்சனிக் இருக்கிறது, அது கல்லறை மண்ணிலிருந்து வந்ததும் அல்ல என்றார். மரிக்கு ஆயுள் தண்டனை. மரியின் தரப்பு அழைத்திருந்த வேதியியலாளர் ரஸ்பாய் வந்து சேர்ந்தபோது தீர்ப்பு முடிந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. சோதனைக்குப் பயன்படுத்தும் துத்தநாகத்திலேயே ஆர்சனிக் கலந்திருக்கலாம் என்பது அவர் பக்கத்து வாதம். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை பல வருடம் ஓடியது.

திகில் கதை எழுதுபவர்கள் கல்லறையைத் தோண்டும் காட்சியை விடுவதே இல்லை. ஆனால் உண்மையான பதற்றம் அதற்குப் பிறகு, ஜாடியில் இருக்கிறது. 1855-இல் இங்கிலாந்தின் ரூஜ்லியில் குதிரைப் பந்தயக்காரர் ஒருவர் உடல் வில்லாக வளைய வலிப்பு வந்து இறந்தார். பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர் நண்பரும் மருத்துவருமான வில்லியம் பாமர். பிரேதப் பரிசோதனையின்போதும் பாமர் அறையிலேயே நின்றார், தடுப்பார் இல்லை! இரைப்பையை எடுத்தவர் மேல் பாமர் இடித்தார், உள்ளே இருந்ததில் கொஞ்சம் சிந்தியது. உள்ளுறுப்பை வைத்து மூடிக் கட்டிய ஜாடியைச் சற்று நேரம் காணோம். கிடைத்தபோது மூடியிருந்த தோலில் இரண்டு கீறல். லண்டனில் டெய்லர் என்ற நிபுணர் சோதித்தபோது, இப்படி வலிப்பை உண்டாக்கும் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு கிடைக்கவே இல்லை. வலிப்பு வந்த விதம், பாமர் வாங்கிய மருந்து, அவருக்கிருந்த கடன் இவற்றை வைத்துத்தான் 1856-இல் தூக்கிலிட்டார்கள். கொன்றதாகச் சொன்ன நஞ்சு கிடைக்காத நஞ்சுக் கொலை வழக்கு. ஜாடியை யார் கட்டினார், யார் முத்திரை வைத்தார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று இன்று பக்கம் பக்கமாக எழுதி வாங்குகிறார்களே, அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த இரண்டு கீறலைக் காட்டலாம்.

ஸ்ட்ரிக்னைன், நிகோடின் மாதிரித் தாவர நஞ்சுகள் ஆர்சனிக்கைவிடத் தொல்லை. உடலும் அதே மாதிரிப் பொருட்களால் ஆனதுதானே, எதிலிருந்து எதைப் பிரிப்பது? பெல்ஜிய வேதியியலாளர் ஸ்டாஸ்தான் முதலில் வழி கண்டார். 1850-இல் ஒரு பிரபு தன் மைத்துனரைக் கொன்று, மணத்தை மறைக்க உடல் மேல் வினிகரை ஊற்றியிருந்தார். இவ்வளவு வினிகர் எதற்கு என்ற கேள்வியிலிருந்தே ஸ்டாஸ் நிகோடினுக்குப் போய்ச் சேர்ந்தார். மறைக்கச் செய்ததே காட்டிக்கொடுத்தது. அவர் வகுத்த பிரிப்பு முறையின் வாரிசுகள் இன்றைய ஆய்வகங்களிலும் உண்டு.

இதுவரைக்கும் வந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பேரன், மனைவி, நண்பர், மைத்துனர். துப்பாக்கிக்குத் தூரம் வேண்டும், நஞ்சுக்கு நெருக்கம் வேண்டும். நற்றிணையில் ஒரு தோழி சொல்கிறாள்: ‘முந்தை இருந்து நட்டோர் கொடுப்பின் நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்.’ வள்ளுவரும் இதையேதான் சொன்னார், நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் குடித்துவிட்டு அமைதியாக இருப்பார்களாம். கண்ணோட்டத்தின் உச்சம் என்று இதைப் படித்து வளர்ந்திருக்கிறோம். துப்பறியும் கதை வாசகனாகப் படித்தால் முதுகு சில்லிடுகிறது. கொடுத்ததை மறுக்காமல் வாங்கிக் குடிக்கும் அந்தப் பண்பைத்தான் நஞ்சு வைப்பவர் முதலாகப் போடுகிறார்.

அதனால்தான் இவ்வகைக் கதைகளில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது சாவுக் காட்சி அல்ல, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுக்கும் கை. 1971-இல் இங்கிலாந்தின் போவிங்டனில் ஒரு தொழிற்கூடத்தில் பலர் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். ஏதோ கிருமி என்று நினைத்து, ஊர்ப் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். கிரேயம் யங் என்ற புது ஊழியர் எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுப்பார், உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பார். பதினான்கு வயதிலேயே குடும்பத்தாருக்கு நஞ்சு வைத்துக் காவல் மனநலக் காப்பகத்துக்குப் போய், குணமாகிவிட்டார் என்று வெளியே விடப்பட்டவர். ஊழியர்களின் பயத்தைப் போக்க வந்த மருத்துவரிடம், இவை தாலிய நஞ்சின் அறிகுறிகள்போல இல்லையா என்று இவரே கேட்டார். தன் கெட்டிக்காரத்தனத்தை யாரும் கவனிக்கவில்லையே என்ற ஏக்கம். அந்தக் கேள்விதான் அவரை மாட்டிவிட்டது. அறையில் கிடைத்த நாட்குறிப்பில், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று முதலெழுத்துகளோடு எழுதிவைத்திருந்தார். இறந்தவர்களில் ஒருவரை ஏற்கெனவே எரித்துவிட்டிருந்தார்கள். எரித்தால் தடயம் போய்விடும் என்பதுதான் பொது நம்பிக்கை. ஆனால் தாலியம் உலோகமாயிற்றே, சாம்பலில் இருந்தது.

தாலியத்துக்கும் திகில் கதைக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. முதல் உலகப் போரில் மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுத்த அனுபவம் அகதா கிறிஸ்டிக்கு இருந்தது. 1961-இல் அவர் எழுதிய ‘தி பேல் ஹார்ஸ்’ நாவலில், மூன்று பெண்கள் தூரத்திலிருந்தே சூனியம் வைத்து ஆட்களைக் கொல்வதாக ஊர் நம்பும். அறுபது வருடத்துக்கு மேலான கதை என்பதால் முடிச்சை அவிழ்ப்பதில் பாவமில்லை: சூனியமெல்லாம் நாடகம், கொன்றது தாலியம், துப்பு கொடுப்பது உதிரும் தலைமுடி. 1977-இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்போது இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், குழந்தையின் முடி உதிர்வதைப் பார்த்துவிட்டு, தாலியமாக இருக்குமோ என்றார். தாலியம்தான். வீட்டில் பூச்சிக்கு வைத்திருந்த மருந்திலிருந்து போயிருக்கிறது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

முடியின் வேலை உதிர்வதோடு முடிவதில்லை. அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆர்சனிக் போன்றவை அதில் அந்தந்த இடத்தில் பதிந்துவிடுகின்றன. முடியைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால் எந்த மாதம் கொடுத்தார்கள், எந்த மாதம் நிறுத்தினார்கள் என்று நாட்காட்டி மாதிரி வாசிக்கலாம். நல்ல திகில் எழுத்தாளர் கையில் இது கிடைத்தால் ஒரு அத்தியாயமே எழுதலாம்: இந்த மாதம் கொடுக்கவில்லை, ஏன்? அந்த மாதம் வீட்டில் யார் இல்லை?

திரையிலும் தொடரிலும் இந்தப் பொறுமை இல்லை. ஒரு மடக்கு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுவது, துப்பறிவாளர் கோப்பையை முகர்ந்து ‘சயனைடு’ என்பது. சயனைடின் வாதுமைக்கொட்டை மணத்தைக் கணிசமானவர்களின் மூக்கால் உணரவே முடியாது, அது பிறவியில் அமைவது. இரண்டு மணி நேரத்தில் ஆய்வக முடிவு வருவதும் கற்பனைதான். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எந்த இயந்திரமும் பதில் சொல்லாது. 2006 நவம்பர் 1-ஆம் தேதி லண்டன் ஓட்டல் ஒன்றில் தேநீர் குடித்த முன்னாள் ரஷ்ய உளவுத்துறை அதிகாரி அலெக்சாண்டர் லிட்வினென்கோவுக்கு முதலில் சந்தேகப்பட்டது தாலியம். கதிர்வீச்சா என்று பார்க்க வைத்த வழக்கமான கருவிகள் பேசாமல் இருந்தன. உள்ளே போயிருந்த பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் ஆல்ஃபா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. 23-ஆம் தேதி அவர் இறப்பதற்குச் சில மணி நேரம் முன்புதான் பெயர் தெரிந்தது. தெரிந்த பிறகோ, தேநீர்க் கெண்டி, ஓட்டல் அறைகள், விமான இருக்கைகள் என்று கொண்டுவந்தவர்கள் போன இடமெல்லாம் தடம் மின்னியது.

அதைவிட எளிய துப்பறிதல் ஒன்றைத்தான் நான் மறக்காமல் வைத்திருக்கிறேன். 1982 செப்டம்பரில் சிகாகோ பகுதியில் ஒரு குடும்பத்தில் ஒருவர் இறந்தார். துக்கத்துக்கு வந்த தம்பியும் தம்பி மனைவியும் அன்றே விழுந்தார்கள், பிழைக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போன ஒரு செவிலியர் குளியலறையில் வலி மாத்திரைப் புட்டியைப் பார்த்தார். ரசீது அன்றைய தேதி. கொட்டி எண்ணினார். ஆறு குறைந்தது. மூன்று பேர், ஆளுக்கு இரண்டு. மாத்திரையில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னபோது முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. அடுத்தடுத்து மொத்தம் ஏழு பேர் இறந்தார்கள், கேப்சூல்களில் சயனைடு. கொடுத்த கை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. நெருக்கம் வேண்டும் என்று சொன்னேனே, இங்கே அதுவும் இல்லை. கடைத்தட்டு மீதிருந்த நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

சரி, கருவியெல்லாம் வந்துவிட்டது, இனி ‘கொலைதானா?’ என்ற கேள்விக்கு எப்போதும் பதில் கிடைக்குமா? பிரான்ஸின் லூதன் நகரத்து மரி பெஸ்நார் மீது, கணவர், தாய் உட்படப் பலரைப் பாஷாணம் வைத்துக் கொன்றதாக வழக்கு. பிணங்களைத் தோண்டியெடுத்துச் சோதித்ததில் ஆர்சனிக் கிடைத்தது. 1952-இல் விசாரணை தொடங்கியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அரசுத் தரப்பு நிபுணரிடம், ஆர்சனிக் கண்ணாடியை வெறும் கண்ணால் அடையாளம் காண முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் நிபுணர். வழக்கறிஞர் சில கண்ணாடிக் குழாய்களை நீட்டினார். நிபுணர் உற்றுப் பார்த்து, இவற்றில் ஆர்சனிக் என்று சிலவற்றைப் பொறுக்கி எடுத்தார். எதிலும் ஆர்சனிக் இல்லை. எல்லாம் ஆன்டிமனி என்ற வேறொரு தனிமம். அதுவும் மார்ஷ் சோதனையில் கண்ணாடி மாதிரித்தான் படியும். பிறகு கல்லறை மண்ணிலேயே ஆர்சனிக் இருக்கிறது, மழைநீரும் நுண்ணுயிர்களும் அதை உடலுக்குள் கொண்டுபோகும் என்று வாதம் வளர்ந்தது. மூன்று முறை விசாரணை நடந்து, 1961 டிசம்பரில் அந்தப் பெண்மணி விடுதலையாகி வீட்டுக்குப் போனார். அந்தக் கல்லறைகளில் கிடந்தவர்களில் எத்தனை பேர் கொல்லப்பட்டவர்கள், ஒருவராவது கொல்லப்பட்டாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.